திறக்காத பாட்டில்

எனக்குப் பீயைப் பார்த்தால் குமட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாலு வருடமாக என் படிப்பே அதுதான். ஏரிக்கரைச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து, சலித்து, உப்புக் கரைசலில் கலக்கி, மிஷினில் போட்டுச் சுற்றி, மேலே மிதந்து வருகிற புழு முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறேன். ஏரிக்குள் மனிதக் குடலில் இருக்கிற புழுவின் முட்டை எப்படி வந்தது என்று சிலர் அப்பாவியாகக் கேட்பார்கள். சுற்றியிருக்கிற ஃபிளாட்டுகளின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த ஏரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஃபிளாட் விலை இறங்கிவிட்டது என்று சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஆய்வேட்டில் அதற்குப் பேர் மலக்கழிவு. என் கைடு ஆனந்தன் சார் அதை 'ஃபீக்கல் மேட்டர்' என்பார், ஏதோ பாயசத்தில் போடுகிற சாமான் மாதிரி. எப்படிச் சொன்னாலும் நாற்றம் அதே நாற்றம்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சாம்பார் சாதம் சேறாகத் தெரியும். கத்தரிக்காய் விதையைப் பார்த்தால் சாட்டைப்புழு முட்டை ஞாபகம் வரும். முதல் வருடம் எல்லோரும் "பழகிடும், பழகிடும்" என்றார்கள். ஒரு மண்ணும் பழகவில்லை. முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் பழகியிருக்கிறேன்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. தப்பு என்னுடையதுதான். சேர்ந்த அன்று அம்மாவிடம் "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போறேன்" என்றேன். அம்மா பட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, டாக்டரை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு சின்னது. சாயங்காலத்துக்குள் நான் டாக்டருக்குப் படிக்கிறவள் ஆகிவிட்டேன். மறுநாளே எதிர்வீட்டு மாமா சட்டையைத் தூக்கி, விலாப் பக்கம் ஒரு கட்டியைக் காட்டினார்.

"நான் அந்த டாக்டர் இல்ல மாமா."

"தெர்யும் தெர்யும். இன்னும் முட்ச்சிக்கல, அதான் பயப்படுற. சும்மா தொட்டுப் பாத்து சொல்லும்மா."

நாலு வருடமாக இதே கூத்து. சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுவார்கள், வீங்கின காலை நீட்டுவார்கள், பல்லைக் காட்டுவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் ஒருநாளும் தெருவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் ஏரிச் சேற்றில் புழு முட்டை எண்ணுகிறவள் என்று சொன்னதில்லை. இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கிறவளை இந்தத் தெரு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வழிவிடுவார்கள். அந்த வழிவிடுதல் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம் கெட்டவள் நான்.

இருந்தாலும் காலேஜில் எனக்குத் தலைக்கனம் உண்டு. எங்கள் லேபில் சரவணக்குமார் என்று ஒருவன். அயனம்பாக்கத்தில் ஹாஸ்டல் மாதிரி ஒரு இடத்தில் தங்கியிருக்கிறான், பூங்கா மண்ணில் அதே புழு முட்டையைத் தேடுகிறான். வாரத்துக்கு இருபது ஸ்லைடு பார்க்க வேண்டும். அவன் மூன்று பார்ப்பான். மிச்சம் பதினேழையும் வெள்ளிக்கிழமை கேன்டீனில் உட்கார்ந்து, ஒரு கையில் பஜ்ஜியும் ஒரு கையில் பேனாவுமாக நோட்டில் எழுதுவான். எண்ணெய்க் கறையோடு இருக்கும் அந்த நோட்டு.

"மூணு பாத்தா போதும் எழில். மிச்சமெல்லாம் அதைச் சுத்திதானே வரும்?"

"நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா?" என்று கேட்டிருக்கிறேன். பல்லைக் காட்டுவான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆனந்தன் சாருக்கு அவன் நோட்டைத்தான் பிடிக்கும். "பாரும்மா எழிலரசி, சரவணனோட நம்பர் எவ்வளவு ஒழுங்கா இருக்கு. உன்னுது மட்டும் ஏன் இப்படி மேலயும் கீழயும் குதிக்குது?" என்பார். "ஏரி குதிக்குது சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னேன். பார்க்காமல் பார்த்ததாக எழுதுகிறவனுக்கும் டாஸ்மாக் வாசலில் உருண்டு கிடக்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லை, உருண்டு கிடக்கிறவனாவது யாரையும் ஏமாற்றவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நாகவல்லி அக்கா வந்தாள்.

நாகவல்லி அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பெண், கார்த்திகா, ஒன்றாம் வகுப்பு. அக்கா எங்கள் வாசலில் ஒரு கறுப்பு கேரி பேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எழிலு, ஒரு ஒதவி. கோச்சிக்காத."

"சொல்லுக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எங்க கார்த்திகாவப் பாத்தியா? வெளுத்துப் போயி கீது. மண்ணத் துண்ணுது, செவுத்து சுண்ணாம்பச் சொரண்டித் துண்ணுது. நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. வியாழக்கெழம லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னு இருந்தேன். உங்கம்மாதான் சொல்லுச்சு, நீ வயித்துப் பூச்சி பாக்குறதுல கெட்டிக்காரின்னு. இத்தக் கொஞ்சம் பாத்து சொல்லிட்டா நல்லாருக்கும்."

பையை நீட்டினாள். உள்ளே ஒரு ஊறுகாய் பாட்டில். மாங்காய் படம் போட்ட லேபிள்கூடக் கிழிக்கவில்லை. வெளியிலிருந்து பிடித்தாலே வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு என் உள்ளங்கையில் ஏறியதும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. ஏரிச் சேறு பரவாயில்லை, அது யாருடையது என்று தெரியாது, குளிர்ந்து போயிருக்கும். இது அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் வயிற்றில் இருந்தது.

"அக்கா, இதெல்லாம் நான் பாக்கக் கூடாது. மனுஷங்களோடது லேப்புக்கு எடுத்துட்டுப் போகணும்னா கமிட்டில பர்மிஷன் வாங்கணும்."

"பீக்கு இன்னாடி பர்மிஷனு?" உள்ளேயிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "ஏரில கெடக்குற ஊரான் ஊட்டுப் பீயல்லாம் அள்ளியாந்து பாக்குற. பக்கத்து ஊட்டுப் புள்ளதுன்னா உனுக்குக் கசக்குதா?"

ஆக அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருடமாக என் துணியைத் துவைக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த அதிர்ச்சியில் நான் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கமிட்டி விஷயம் நிஜம்தான். அதை இன்னும் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போய், அங்கிருந்து பூந்தமல்லி பஸ் ஏறினேன். கூட்டம். பையை மடியில் வைத்திருந்தேன். உள்ளே டிபன் பாக்ஸ், நோட்டு, பாட்டில். கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்தாள். முன் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். "எவன்டா அது, காலைலயே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு கும்பலே சிரித்தது. நான் மெதுவாகப் பைக்குள் கையை விட்டேன். ஊறுகாய் பாட்டில் மூடி எப்போதுமே சரியாக மூடாது. என் விரலில் பட்டது. சீச்சீ. எழுதும்போதுகூட வலது கையை உதறத் தோன்றுகிறது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். கூவம் பாலம் பக்கத்தில்தான் இருந்தது. பாலத்தின் மேல் நின்று, கேரி பேக்கோடு சேர்த்து அந்தப் பாட்டிலைத் தூக்கிக் கீழே எறிந்தேன். டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சை சாதத்தையும் எறிந்தேன். புழு முட்டை நீரில் பரவுவதைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதியிருப்பவள், அதை ஆற்றுக்குள் எறிந்துவிட்டு, கையில் சானிடைசரை அரை பாட்டில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு நின்றேன். கஸ்மாலம் என்று யாராவது என்னைத் திட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் பார்க்க முடியவில்லை அக்கா, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போ. இவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

சாயங்காலம் தெருமுனைக் கடை அருகில் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். கம்பெனி யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள்.

"இன்னா எழிலு, ஏதாச்சும் கீதா?"

வாயைத் திறந்தேன். தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் அந்த இரண்டு பெண்களும் கேட்பார்கள். பார்க்க முடியவில்லை என்று சொன்னால் நாளைக் காலை இன்னொரு பாட்டில் வரும். இது இரண்டும்தான் என் மூளையில் ஓடியது. கார்த்திகா ஓடவில்லை.

"ஒண்ணுமில்லக்கா."

"பூச்சி?"

"இல்ல. சுத்தமா இருக்கு."

அந்தச் 'சுத்தமா' யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. பொய்க்குக் கொசுறு போட்டேன். அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "வயித்துல பால வாத்தடி. நானும் இன்னாவோ ஏதோன்னு பேஜாராயிகினு இருந்தேன்." வியாழக்கிழமை லீவை அவள் ரத்து செய்துவிட்டாள். இரவு சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு வந்தது. நான் சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டுகிறது.

சாப்பிடும்போதே சமாதானமும் தயாராகிவிட்டது. வெறும் சத்துக் குறைவாகத்தான் இருக்கும், கீரையும் முட்டையும் கொடுத்தால் சரியாகிவிடும். நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் வெளுத்திருக்கிறார்கள். சரவணக்குமார் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டேன். அவனாவது இருபதில் மூன்றைப் பார்க்கிறான். நான் ஒன்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இது உறைத்ததாலோ என்னவோ, அந்த வெள்ளிக்கிழமை அவனோடு எப்போதையும்விடப் பயங்கரமாகச் சண்டை போட்டேன். அவன் பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு எழில், பி.பி. ஏறப் போகுது" என்றான்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாள் வந்தது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"நம்ம தெருவுல ஏழு புள்ளைங்க மாத்திரை வோணாம்னுடுச்சு, தெர்யுமா? நாகவல்லி டீச்சராண்டயே சொல்லிட்டாளாம். எங்க தெருவுலயே டாக்டரு கீது, அது பாத்து ஒண்ணுமில்லேன்னுச்சுன்னு. அத்தக் கேட்டு மத்தவங்களும் வோணாம்னுட்டாங்க."

உடனே பையைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கார்த்திகா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு போடுகிற சாக்கில் சுண்ணாம்பைச் சுரண்டிக் கட்டை விரலில் தொட்டு வாயில் வைத்தாள். உதடும் நகமும் ஒரே வெள்ளை. இந்தப் படம் என் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளையின் பேர் மட்டும்தான் வேறு.

"அக்கா, அந்த மாத்திரை எதுக்கும் போட்டுடேன்."

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு? போன வாட்டி ஜெகதீஷ் ஊட்டுப் பையன் அத்தப் போட்டுக்கினு பள்ளிக்கூடத்துலயே வாந்தியா எடுத்தான். ஒண்ணுமில்லாத வயித்துக்கு எதுக்கு மருந்து?"

"இல்லக்கா, சும்மா ஒரு பாதுகாப்புக்கு..."

"நீதான பாத்த?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான், அதைவிட நல்ல நேரம் வரவே வராது என்று எனக்குத் தெரிந்தது.

"ம். பாத்தேன்."

"அப்பறம் இன்னா? போ, போயி டீ குடி."

மறுநாள் மெடிக்கலில் அதே மாத்திரை ஒன்று வாங்கினேன். எப்படியாவது கார்த்திகாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கின மாத்திரை என் பையின் ஓரத்தில் பஸ் டிக்கெட்டுகளோடு கிடந்தது. தினமும் கையில் தட்டுப்படும். தினமும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகும். ஆனால் பாருங்கள், பிடிக்காமல் போவதற்கும் ஒரு காரியம் செய்வதற்கும் நடுவில் எவ்வளவு நாள் ஓட்ட முடிகிறது.

பாட்டிலை எறிந்து நாற்பத்து நாலாவது நாள். நான் ஸ்லைடு எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். கார்த்திகா பள்ளிக்கூடத்தில் பிரேயரின்போது மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "நாகவல்லி உன்னத்தான் இட்டாரச் சொல்றா. டாக்டருங்க பேசுறது அவளுக்குப் புரியலியாம். நீ வந்தா அவுங்க பாஷையில பேசுவியாம்."

கவர்மென்ட் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு. பினாயில் வாசனையும் பால் புளித்த வாசனையும். கார்த்திகா கட்டிலில் படுத்திருந்தாள், போர்வைக்கு மேலே கை இரண்டும் மெழுகு மாதிரி. அக்கா என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. டாக்டர் ஆக்னஸ் என்று ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத முகம், ஆனால் பொறுமையாகப் பேசினார்.

"ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கும்மா. பன்னெண்டு இருக்க வேண்டிய இடத்துல நாலரைதான் இருக்கு. ரத்தம் ஏத்தணும். மோஷன் டெஸ்ட்ல கொக்கிப்புழு முட்டை வந்திருக்கு. அது குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்து கொடுத்துவிடுவார்கள், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். சத்தியமாக அதுதான் முதலில் தோன்றியது. காறித் துப்ப வேண்டும் என் மூஞ்சியில்.

"இல்லியே மேடம்," என்றாள் அக்கா. "எங்க எழிலு ஒண்ணர மாசம் முன்னாடி இதே டெஸ்ட்டு பாத்துச்சே. சுத்தமா கீதுன்னுச்சே. இதுவும் டாக்டருக்குத்தான் படிக்கிது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பிஎச்.டி. புழுக்கள் பத்திதான்."

"ஓ, அப்ப நீங்க சரியாத்தான் பாத்திருப்பீங்க." கேஸ் ஷீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார். "அப்படின்னா இது இடிக்குதே. ஒண்ணரை மாசத்துக்கு முன்னாடி முட்டையே இல்லைன்னா இப்ப இருக்கிறது புதுசா வந்த புழு. புதுப் புழு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ரத்தத்தைக் குடிச்சிருக்காது. இது பல மாசமா குறைஞ்ச மாதிரி இருக்கு. ரத்தம் குறையறதுக்கு வேற காரணம் இருக்கான்னு பாக்கணும்."

"வேறன்னா இன்னா மேடம்?"

"பயப்படாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். தேவைப்பட்டா எலும்புக்குள்ள ஊசி போட்டு, உள்ள ரத்தம் சரியா ஊறுதான்னு எடுத்துப் பாப்பாங்க. ரத்தப் புத்துநோய் மாதிரி எதுவும் இல்லைன்னு உறுதிப்படுத்திக்கத்தான்."

அக்காவின் பிடி என் கையில் இறுகியது. நகம் பதிந்தது. புத்துநோய் என்ற வார்த்தையை அவள் திருப்பிச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

டாக்டர் என்னிடம் கேட்டார். "நீங்க எந்த முறையில பாத்தீங்க? உப்புக் கரைசல்ல மிதக்க வெச்சா? எத்தனை ஸ்லைடு?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. உப்புக் கரைசல்தான் மேடம், மூணு ஸ்லைடு. நாலு வருடமாகச் செய்கிற வேலை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஊறுகாய் பாட்டில் கூவத்தோடு எப்போதோ கடலுக்குப் போயிருக்கும். அந்தப் பதிலை அவர் ஷீட்டில் எழுதுவார், அதை நம்பி இன்னொரு டாக்டர் இந்தப் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பு எலும்பில் ஊசியைக் குத்துவார்.

"நான் பாக்கலை," என்றேன்.

"எதை?"

"எதையுமே. பாட்டிலைத் திறக்கவே இல்லை. பஸ்ல நாத்தம் தாங்காம வழியிலேயே தூக்கிப் போட்டுட்டேன். வந்து ஒண்ணுமில்லைன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த வரியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "அப்ப கணக்கு சரியா வருது. இது ரொம்ப நாளா இருக்கிற புழுதான். ஊசியெல்லாம் இப்ப வேணாம். ரத்தம் ஏத்தி, மருந்து குடுத்துப் பாப்போம்," என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பால் அடிப்பாள், தெருவே கூடும், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள் என்றெல்லாம் இத்தனை நாளாக நான் பயந்ததில் எதுவும் நடக்கவில்லை. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பிள்ளையைப் பரிசோதிக்கப் போர்வையை விலக்கினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பாதத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பாவாடையை முழங்கால் வரை தூக்கியவர் அப்படியே நின்றார். வலது கெண்டைக்காலில் ஒரு தீப்புண். ஆறிக்கொண்டிருந்தது. ஓரம் கறுத்து, நடுவில் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது என்னம்மா?"

நாகவல்லி அக்கா பேச ஆரம்பித்தாள். டாக்டர் கேட்டதற்குத்தான் பதில், ஆனால் முகம் என் பக்கம் இருந்தது.

"நான்தான் மேடம். கரண்டியக் காய வெச்சி இழுத்துட்டேன். மண்ணத் துண்ணாதடி, செவுத்த நக்காதடின்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. மின்னாடியெல்லாம் நான் இது மேல கை வெச்சதே இல்ல மேடம். பாவம், ஒடம்புல இன்னா கோளாறோன்னு உட்டுடுவேன். இவ வந்து சுத்தமா கீதுன்னு சொன்னா. ஒடம்புல ஒண்ணுமில்லேன்னா அப்பறம் இன்னா, கொழுப்புதானன்னு நென்ச்சேன். படி ஏற மாட்டேன்னுச்சு, சோம்பேறின்னு அட்ச்சேன். பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னுச்சு, அட்ச்சி அட்ச்சி அனுப்புனேன். இன்னிக்குக் காத்தாலகூட அட்ச்சிதான் மேடம் அனுப்புனேன்."

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கார்த்திகா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதம்மா. நான் இனிமே துண்ண மாட்டேன்மா. ப்ராமிஸ்."

அவளால் தின்னாமல் இருந்திருக்கவே முடியாது. ரத்தத்தில் இரும்பு குறைந்துபோன பிள்ளைக்கு மண்ணும் சுண்ணாம்பும் தின்னத் தோன்றும், அது அவள் தப்பே இல்லை. இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் யாராவது இதை உடனே சொல்லியாக வேண்டும். நான் கட்டில் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்து, குனிந்து, வாயைத் திறந்தேன்.

நாகவல்லி அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"நீ எதுவும் சொல்லாத," என்றாள்.